அதிகுளிர் இயற்பியல்: ஹீலியத்துல ஆரம்பிக்கலாமா, ரூபிடியத்துலயா?

ஜூன் லீவுல அக்கா மகளுக்கும் அவ கூட்டாளிங்க ரெண்டு பேருக்கும் (உயர்நிலை 3) அதிகுளிர் இயற்பியல் சொல்லிக்குடுத்தேன். எதுல ஆரம்பிக்கிறதுன்னுதான் யோசனை. காந்தத்து மேல மிதக்கிற மீக்கடத்தி (குளிர வச்சா மின்தடையே இல்லாமப் போற பொருள்) அழகுதான், ஆனா அந்த டெமோவுக்கு திரவ நைட்ரஜனோட 77 கெல்வினே (மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்) போதும், நான் சொல்ல வந்த குளிரு அது இல்ல, விட்டுட்டேன்.

முதல்ல திரவ ஹீலியம். 2.17 கெல்வினுக்குக் கீழ அது கிண்ணத்தோட சுவத்துல தானா ஏறி வெளிய எறங்கி அடியில சொட்டுது, வீடியோ பாத்து மூணு பேரும் அசந்துட்டாங்க. அடுத்து "ஏன் மாமா?"ன்னு அக்கா மக கேட்டா. அங்கதான் சிக்கல், ஹீலியம் அணுவெல்லாம் நெருக்கியடிச்சுக் கெடக்கு, எவ்வளவு குளிர வச்சாலும் சுமாரா பத்துல ஒரு பங்குதான் ஒரே குவாண்டம் நிலைக்கு வருது, மிச்சத்த விளக்க பல்கலைக்கழகப் பாடமே வேணும்.

ரூபிடியம்ங்கிற உலோகத்தோட வாயுவுல அந்த "ஏன்"க்கு பதில் இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். நொடிக்கு 300 மீட்டர் போல ஓடுற அணுவ லேசர் எதிர்ல இருந்து அடிச்சு நிதானமாக்குது, எதிர வர்ற அணு மட்டும் ஒளிய வாங்குற மாதிரி நிறத்த துளி சிவப்புப் பக்கம் தள்ளி வைக்கிறாங்க. ஆம்புலன்ஸ் சைரன் கிட்ட வரும்போது சத்தம் மாறுதே, அதேதான்னு சொன்னதும் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கு மேல எப்படி குளிர வைக்கிறாங்கன்னு காட்ட கோப்பிக்கடையில ரெண்டு சூடான மைலோ வாங்கி ஒண்ண மூடி ஒண்ண தொறந்து வச்சேன், பத்து நிமிஷம் கழிச்சு தொட்டுப் பாக்கச் சொன்னேன். சூடானது ஆவியா ஓடிடுது, மிச்சம் ஆறிடுது. 1995ல அமெரிக்காவுல கொலராடோவுல கார்னெல், வீமன்னு ரெண்டு இயற்பியலாளருங்க கடைசியா செஞ்சது இதே வேலதான், சுமார் 2000 அணு, 170 நானோகெல்வின், அதாவது ஒரு கெல்வின்ல கோடியில ரெண்டு பங்கு கூட இல்ல. குவாண்டம் கணக்குல ஒவ்வொரு அணுவும் ஒரு அலை மாதிரிதான், அணு மெதுவாக ஆக அதோட அலை நீளுது, பக்கத்து அலையோட கலந்து எல்லாம் ஒரே அலையாயிடுது. டாக்காவுல இருந்து 1924ல இந்திய இயற்பியலாளர் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்புன கட்டுரையில தொடங்குன கத இது. நம்ம சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து குவாண்டம் நிலையத்துலயும் அதிகுளிர் அணு ஆராய்ச்சி நடக்குதுன்னதும் கண்ணெல்லாம் விரிஞ்சிருச்சு.

ரூபிடியத்துல குறை என்னன்னா, பாக்க நடுவுல மேடு தட்டுன ஒரு கலர் படந்தான். தொடக்கப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக்குடுத்ததில்ல, அவங்களுக்கு ஹீலியமே சரியா இருக்கலாம்.

கடைசியா அந்த ஹீலியம் வீடியோவ திரும்பப் போட்டேன். "அப்ப இதுலயும் ஒரே அலையா மாமா?"ன்னா. ஆமாம்மா, ஆனா எல்லா அணுவும் இல்லன்னேன், "மிச்சம் என்ன பண்ணுது?"ன்னு நோட்ட எடுத்துக்கிட்டா.