காலடிப்பேட்டை வீட்டில் மூன்று தண்ணீர்: ஒன்பது வருட அனுபவம்

வாஷிங் மெஷினைச் சரிபார்க்க வந்தவர் ஹீட்டர் காயிலைக் கழற்றித் தரையில் வைத்தார். சுண்ணாம்பில் முக்கி எடுத்த முருங்கைக்காய் மாதிரி இருந்தது. மெஷின் வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. "போர் தண்ணிதானே விடுறீங்க?" என்றார். ஆமாம், 2016-இல் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்கு வந்ததிலிருந்து துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போர் தண்ணீர். சமைக்கவும் குடிக்கவும் மெட்ரோ தண்ணீர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம் குழாயில் விடுவது. அது வராத நாளில் கேன். நல்ல தண்ணீரைத் துணிக்குக் கொட்டக் கூடாது என்பது எங்கள் அத்தையின் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வந்த புதிதில் போர் தண்ணீர் இவ்வளவு மோசமில்லை. 40 அடி போர், லேசாகக் கரிக்கும், ஆனால் சோப்பு நுரைக்கும். 2019 கோடையில்தான் எல்லாம் மாறியது. புழல் ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம் அது. எங்கள் போரில் மோட்டார் போட்டால் பத்து நிமிடத்தில் காற்று வந்தது. 120 அடிக்கு இறக்கினோம். போர் போட வந்தவர் அப்போதே சொன்னார்: "கீழ போகப் போகக் கடல்தான்க்கா, பாத்துக்கோங்க." தண்ணீர் நிறைய வந்த சந்தோஷத்தில் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரே மாதத்தில் குழாய் வாயெல்லாம் வெள்ளை படிந்தது, ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொண்டது.

அவர் சொன்னதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. கடலோர மணலில் மழைநீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்பு நீரைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உப்பு 40 அடி வரை ஏறிவர இடம் கிடைக்கும். எங்களுக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடிக்குள் கடல்நீர் ஏறியது அரை நூற்றாண்டுக்கு மேலான கதை. கடல்நீரில் சோடியம் மட்டுமல்ல, மெக்னீசியமும் கால்சியமும் ஏராளம். அதனால் உப்பும், சோப்பை நுரைக்கவிடாமல் வெள்ளையாகப் படியும் கடினத்தன்மையும் (கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

இதற்கு நடுவே எங்களை வருடக்கணக்கில் திசைதிருப்பியவை, தண்ணீரில் கரண்ட் விட்டுப் பார்க்கும் இரண்டு சோதனைகள்: ஒன்று விற்பனைக்கு வந்தவர் காட்டியது, இன்னொன்று டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டும் கருவி). 2018-இல் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்க ஒருவர் வந்தார். எங்கள் மெட்ரோ தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். ஒரு நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாகி, மேலே பச்சையும் கறுப்புமாக ஆடை கட்டியது. அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீரில் (மெல்லிய சவ்வு வழியாக உப்பை வடிகட்டியது) ஒன்றுமே ஆகவில்லை. அத்தை பயந்துபோய், "இதையா பிள்ளைங்களுக்குக் குடுத்தோம்?" என்று கேட்டார். அன்றே அட்வான்ஸ் கொடுத்தோம்.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியின் இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக வரும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் அதிகம் பாயாது, அதனால் தெளிவாகவே நிற்கும். ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரும் பழுப்பாகியிருக்கும். இன்றும் வீடு வீடாக இப்படிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்படும்போது மனது கஷ்டமாக இருக்கிறது. தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் பார்ப்பதும் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதைத்தான். அதிலிருந்து கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. அந்த உப்பு சோடியமா கால்சியமா என்று அதற்குத் தெரியாது. கிருமி இருந்தாலும் தெரியாது. மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில் 2010 முதல் ஓடும், நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வடசென்னைப் பகுதிகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. கடல்நீரை ஆர்ஓவில் வடித்தால் மிச்சம் நிற்பது பெரும்பாலும் சாதாரண உப்பு, கால்சியமும் மெக்னீசியமும் கொஞ்சம்தான். மீட்டரில் அதே எண் காட்டும் கிணற்றுத் தண்ணீரைவிட அது சோப்புக்கு எவ்வளவோ மிருது.

வாஷிங் மெஷின் காயில் போன பிறகுதான் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு கிட் வாங்கினேன். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்துவது. தண்ணீரில் ஒரு மருந்தைப் போட்டால் சிவப்பாகும், இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அது நீலமாகும்வரை எண்ண வேண்டும். மெட்ரோ தண்ணீர் லிட்டருக்கு 150 மில்லிகிராம் பக்கம் நின்றது. போர் 700-ஐத் தாண்டியது. நம் நாட்டுக் குடிநீர் தர அளவு, கடினத்தன்மைக்கு 200, வேறு வழியில்லாவிட்டால் 600. டிடிஎஸ்ஸுக்கு 500, வேறு வழியில்லாவிட்டால் 2000. எங்கள் மெட்ரோ தண்ணீரின் டிடிஎஸ் 300 சொச்சம்தான். அதாவது ஏற்கெனவே தர அளவுக்குள் இருந்த தண்ணீரை நான்கு வருடம் ஆர்ஓவில் விட்டு, ஒரு குடம் பிடிக்க மூன்று குடம் சாக்கடையில் விட்டிருக்கிறோம். கல் மாதிரியான தண்ணீரை வாஷிங் மெஷினுக்கு ஊற்றியிருக்கிறோம்.

ஆர்ஓவை நிறுத்திவிட்டோம். மெட்ரோ தண்ணீரை வடிகட்டி, நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிக்கிறோம். கொதித்தால் கிருமி சாகும், உப்பு போகாது. அதனால் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மணலி, எண்ணூர் மாதிரி ஆலைகள் இருக்கும் இடத்தில் உலோகங்கள் கலந்திருக்கிறதா என்பதை மீட்டரும் காட்டாது, சொட்டு மருந்தும் காட்டாது. அதற்கு லேபில்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மெட்ரோ தண்ணீரிலும் ஒருமுறை பயந்தோம். 2021 மழைக்காலத்தில் முதல் இரண்டு குடம் கலங்கலாக, நாற்றத்தோடு வந்தது. பிளம்பர் தோண்டிப் பார்த்தார். தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் எங்கள் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து, கழிவுக் குழாய்க்குப் பக்கத்திலேயே ஓட்டையாகியிருந்தது. தண்ணீர் வராத நேரத்தில் அந்த ஓட்டை வழியாக வெளியே தேங்கியதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அன்றும் டிடிஎஸ் மீட்டர் வழக்கமான எண்ணைத்தான் காட்டியது. குழாயை மாற்றினோம், சம்ப்பைக் கழுவினோம், சரியாகிவிட்டது.

சமையலில் நான் கண்டது ஒன்று. மெட்ரோ வராத ஒரு வாரம் போர் தண்ணீரில் துவரம்பருப்பு வைத்தேன். ஆறு விசில் விட்டும் விரலில் நறுக்கென்றது. பருப்பைக் கால்சியம் வேகவிடாமல் இறுக்கிவிடுகிறது. சோறும் லேசாக மஞ்சளடித்தது, அது தண்ணீரில் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) அதிகம் என்பதன் அடையாளம்.

இப்போது மெஷினுக்கும் சமையலறைக்கும் தனியாக ஒரு சின்ன டேங்க் வைத்து மெட்ரோ தண்ணீர் ஏற்றுகிறோம். தரை துடைக்க, கழிவறைக்குப் போர் தண்ணீர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மளிகைக்கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 100 கிராமைப் போட்டு, துணி இல்லாமல் சூடான தண்ணீரில் மெஷினை ஓட்டுகிறேன். குழாய் வாயில் படிந்ததற்கும் அதுதான், கரைசலில் ஊறவைத்தால் பொங்கிக் கரைந்துவிடும். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றாதீர்கள், குழாயின் பூச்சே போய்விடும்.

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானாலும் எங்கள் மாடிக் குழாய் தெருக் கால்வாயில்தான் விழுந்துகொண்டிருந்தது. 2023-இல் அதைப் பின்கட்டில் மூடிக் கிடந்த பழைய உறைகிணற்றுக்குத் திருப்பி, நடுவில் ஜல்லியும் மணலும் போட்ட ஒரு தொட்டி வைத்தோம். கிணற்றின் ஆழம் 18 அடிதான். போன டிசம்பரில் சொட்டு விட்டுப் பார்த்தேன்: கிணறு 260, பக்கத்திலேயே இருக்கும் 120 அடி போர் அதே 700. கிணற்றில் அரை எச்பி மோட்டார் வைத்து, ஒரே அடியாக இறைக்காமல் காலை கால் மணி, மாலை கால் மணி என்று எடுக்கிறோம். குளிக்க அதுதான். சோப்பு பழையபடி நுரைக்கிறது என்று அத்தை சொல்கிறார். கோடையில் இது எவ்வளவு ஏறுகிறது என்று மே கடைசியில் மறுபடி பார்த்துச் சொல்கிறேன்.