முரியா, தோத்தோயா?

ஜப்பான்காரங்க நெட்ல தன்னோட ஓஷிய, அதாவது உயிரா நேசிக்கிற ஐடலையோ (பாட்டு, டான்ஸ்னு கலக்குற பாப் ஸ்டார்) அனிமே கேரக்டரையோ பாத்து உருகும்போது அடிக்கடி போடுற ரெண்டு வார்த்தைதான் இதுங்க.

தோத்தோய்னா அகராதிப்படி உயர்ந்தது, போற்றத்தக்கது. சாமிக்கும் புத்தருக்கும் சொல்ற அளவு மரியாதையான சொல்ல அப்படியே தூக்கிட்டு வந்து, ரெண்டு கேரக்டர் பக்கத்துல நின்னு சிரிச்சாலே தோத்தோய்ங்கிறாங்க, பாத்துட்டு கைகூப்புற ஃபீல் அது. விடியூபர், அதாவது அனிமே மாதிரி உருவத்துல வீடியோ போடுறவங்களோட ரசிகர்கள், நாக்கு குழறுற மாதிரி இதையே "தேத்தே"ன்னு ஆக்கிட்டாங்க, எனக்கு அதுதான் இன்னும் புடிக்கும்.

முரின்னா முடியாது, அவ்ளோதான். அழகு தாங்கல, இதயம் தாங்காது, பேச்சே வரலங்கிறத எல்லாம் "முரி முரி முரி"ன்னு அடிச்சுத் தள்ளிடுவாங்க. நம்ம "முடியலடா சாமி" மாதிரியேதான்.

ஆனா முரில ஒரு ஆபத்து இருக்கு, ஒருத்தர புடிக்கவே இல்ல, பாத்தாலே ஆகாதுன்னு சொல்லவும் இதே வார்த்தைதான், அதனால முன்னபின்ன என்ன எழுதிருக்காங்கன்னு பாக்காம அர்த்தம் எடுத்தா மொத்தமும் தலைகீழாயிடும். ரசிகர்கள் பேச்சுல தோத்தோய்க்கு அந்தக் குழப்பம் இல்ல, அதுல அன்பு மட்டும்தான். புதுசா ஜப்பானிய மொழி கத்துக்கிறவங்க முதல்ல தோத்தோய எடுத்துக்கோங்க. முரி அப்புறம் தானா வந்துடும்.