இபிஎஸ் ஃபோமா, வினைல் நைட்ரைல் ஃபோமா?

சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது பெரும்பாலும் இபிஎஸ், அதாவது தெர்மாகோல் வகை பாலிஸ்டைரீன் ஃபோம். அடி விழும்போது அதன் நுண்ணறைகள் நசுங்கி ஆற்றலை விழுங்குகின்றன; தலை நிற்க எடுக்கும் நேரம் சில மில்லிநொடிகள் கூடுகிறது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் (சிபிஎஸ்சி) தரப்படி, ஹெல்மெட் மாட்டிய மாதிரித் தலையை 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான பரப்பில் போட்டாலும் அதன் முடுக்கம் 300 ஜி-யை (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 300 மடங்கு) தாண்டக்கூடாது. ஆனால் நசுங்கிய இபிஎஸ் பழைய தடிமனுக்குத் திரும்பாது. மேல் ஓட்டில் கீறல்கூட இல்லாமல் உள்ளே ஃபோம் விரிசல் விட்டிருக்கலாம். பலமாக விழுந்தபின் அதே ஹெல்மெட்டை மறுபடி போடவே கூடாது.

ஐஸ் ஹாக்கியில் அடிகள் திரும்பத் திரும்ப வரும். அங்கே வினைல் நைட்ரைல் போன்ற, அமுங்கி எழும் ஃபோம்தான் சரி. அதே தடிமனில், ஒரே ஒரு கடும் மோதலை இபிஎஸ் அளவுக்கு அது தாங்காது. எனவே ஹாக்கி ஹெல்மெட்டோடு சாலையில் சைக்கிள் ஓட்டுவது ஆபத்து.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் சுழற்சி. சாய்வாக விழும் அடி தலையைத் திருப்ப, மூளைத் திசு இழுபடுகிறது. மூளை அதிர்ச்சிக்கு அது முக்கியக் காரணம். மிப்ஸ் வழுக்கு அடுக்கு உள்ள ஹெல்மெட்டில் தலை 10–15 மில்லிமீட்டர் நகர்ந்து, அந்தச் சுழற்சியின் ஒரு பகுதி குறைகிறது. வாய்ப்பிருந்தால் அதையே வாங்குங்கள். ஆனாலும் எந்த ஹெல்மெட்டும் மூளை அதிர்ச்சியை முழுதாகத் தடுக்காது.

எந்த ஹெல்மெட்டானாலும் சரியாக அணிய வேண்டும்: புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, காதுக்குக் கீழே 'வி' வடிவில் சேரும் வார். வார் தளர்ந்தால் ஹெல்மெட் பின்னால் சரிந்து நெற்றி திறந்துவிடும்.