ராயக்கோட்டை சாலை சிலைக்கடை: கையைப் பார்த்து வாங்குங்கள்

கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலையோரம், தகரக் கொட்டகைக்கு அடியில் ஒரு சிலைக்கடை. முன்வரிசையில் பிள்ளையார், துளசி மாடம், அம்மி. புத்தர்களெல்லாம் பின்பக்கம். மகளின் புது வீட்டு வரவேற்பறைக்கு ஒரு புத்தர் தேடிப் போனேன்.

விற்பவருக்கு எல்லாமே "தியான புத்தர்"தான். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியனிடம் அது எடுபடுமா? இரு கைகளும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் தியானம். வலக்கை உயர்ந்து உள்ளங்கை நம்மைப் பார்த்தால் அபயம். வலக்கை முழங்காலைத் தாண்டி நிலத்தைத் தொட்டால், போதி மரத்தடியில், தவத்தைக் கலைக்க வந்த மாரன் சாட்சி கேட்டபோது புத்தர் பூமியையே சாட்சிக்கு அழைத்த கணம். அங்கிருந்த ஃபைபர் சிலையோ இடக்கையால் நிலத்தைத் தொடுகிறது! படத்தை இடவலம் மாற்றி வைத்து அச்செடுத்தார்களோ என்னவோ. சுட்டிக்காட்டினால், "எந்தக் கையானால் என்ன சார், முகம் சாந்தமாக இருக்கிறதே" என்கிறார்.

அலமாரியில் பாதி இடம் தொந்திச் சிரிப்புப் புத்தருக்கு. அவர் கௌதமரே அல்லர். புதாய் என்னும் சீனத் துறவி. அவரை வாங்குவது உங்கள் விருப்பம், ஆனால் கௌதமர் என்று நினைத்து வாங்காதீர்கள்.

கொட்டகைக்குப் பின்னால் உளிச்சத்தம் கேட்கும், அங்கே போங்கள். கருங்கல் வேலை முற்றிலும் வேறு தரம். நான் எடுத்தது ஒன்றேகால் அடி உயர அபய புத்தர். காதுமடல்கள் நீண்டு, துளை வெறுமையாகத் தொங்குகிறது: இளவரசனாகக் கனத்த குண்டலம் அணிந்து, பிறகு அதைக் கழற்றி எறிந்தவரின் காது. தலை உச்சியில் தீச்சுடர். நாகப்பட்டினத்துச் செப்புப் புத்தர் திருமேனிகளில் காணும் அதே சுடர். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்த்து வரைந்துகொண்டதாகச் சொல்லி, சிற்பி தன் நோட்டை எடுத்துக் காட்டினார். கோடுகள் சுத்தம். என் மாணவனாக இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

பீடத்துத் தாமரையில் இரண்டு இதழ்கள் மழுங்கலாக இருந்தன. சொன்னதும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து தீட்டிக்கொடுத்தார். 12,000 ரூபாய் சொன்னார்கள், 9,500க்குப் படிந்தது. தருமபுரி வரை வண்டி வாடகை தனி. அதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஞாயிறு பிற்பகல் சிற்பி இருக்கமாட்டார், விற்பவர் மட்டும்தான்.