மாநிறத்துக்கு எது நியூட்ரல்? மேக் ஐஷேடோ, பிளஷ்: கோடைக்காலம் முழுவதும் பயன்படுத்திய பின் என் கருத்து

அன்றாட ஒப்பனைக்கு நியூட்ரல் நிறத்தில், இமையில் பூசும் பொடியான ஐஷேடோ வேண்டும் என்று கடையில் கேட்டால், பெரும்பாலும் நம் முன் எடுத்து வைக்கப்படுபவை பால்கோவா நிறத்திலும் பிஸ்கட் நிறத்திலும் உள்ள நான்கைந்து வட்டுகள்தாம். அவை நியூட்ரல்தாம், ஆனால் அந்த நிறத்துக்கு அருகில் இருக்கும் சருமத்துக்கு மட்டுமே. பூசியிருப்பதே தெரியாமல், சருமத்தின் சொந்த நிறத்தையே ஓரிரு படி ஆழப்படுத்தியோ தெளிவாக்கியோ காட்டும் நிறம்தான் நியூட்ரல் என்றால், அதைத் தேடும் வேலை கடையின் தட்டிலிருந்து அல்ல, நம் முகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். என்னுடையது மஞ்சள் சாயல் கொண்ட மாநிறம். நம்மில் பலருக்கும் இருப்பதுபோல இமையும் கண்ணைச் சுற்றிய பகுதியும் கன்னத்தைவிடச் சற்றுக் கருமையாக இருக்கும். மேக் என்னும் ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் ஐஷேடோ, கன்னத்தில் பூசும் பிளஷ் ஆகியவை பற்றிய இந்த மதிப்புரையை அந்த நிறத்திலிருந்து எழுதுகிறேன். என்னைவிட வெளுத்தவர்களும் கறுத்தவர்களும் அதற்கேற்ப ஒரு படி முன்பின்னாக வைத்துப் படிக்கலாம்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் ஒரு காலை நேரம். வேறொரு நிறுவனத்தின் ஒன்பது நியூட்ரல் நிறங்களை ஒரே பெட்டியில் அடுக்கிய பேலட் ஒன்றை, கடைப் பெண்ணின் பரிந்துரையை நம்பி வாங்கியிருந்தேன். கடையின் மஞ்சள் விளக்கில் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, சன்னல் வெளிச்சத்தில் என்னைப் பார்த்த அம்மா, “கண்ணுல திருநீறு கொட்டிக்கிட்டியாடி?” என்று கவலையோடு கேட்டுவிட்டு, முந்தானையால் துடைக்கவே வந்துவிட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. இமை மடிப்பில் அந்தப் பழுப்பு, பழுப்பாகவே இல்லை; சாம்பல் பூத்ததுபோல் கிடந்தது. தளிர் போன்ற மேனி நிறத்தை மாமை என்றும், அதன்மேல் பிரிவுத் துயரால் படரும் வெளிறிய நிறத்தைப் பசலை என்றும் பிரித்துச் சொன்ன மொழி நம்முடையது. மாமையின் மேல் பசலையைக் காசு கொடுத்துப் பூசிக்கொள்ள வேண்டியதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

ஏன் அப்படி ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் வாங்கும்போது ஏமாற மாட்டோம். ஐஷேடோவில் உள்ள பழுப்பு நிறங்கள் எல்லாம் பெரும்பாலும் மூன்று இரும்பு ஆக்சைடுகளின் கலவைதான். டப்பாவின் அடியில் சிவப்புக்கு 77491, மஞ்சளுக்கு 77492, கறுப்புக்கு 77499 என்று எண்களாக அச்சிட்டிருப்பார்கள். கோலத்தைச் சுற்றி நாம் இழுக்கும் காவியின் சிவப்பும் இதே இரும்பு ஆக்சைடிலிருந்து வருவதுதான். அழகுசாதனத்துக்கு அதைத் தூய்மையாகத் தயாரிக்கிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. இந்தக் கலவையை வெளிரச் செய்யச் சேர்ப்பது டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெள்ளை நிறமி. அதன் எண் 77891. இந்த வெள்ளை கூடக் கூட, வெளிர் சருமத்தில் மென்மையாகத் தெரியும் நிறம் நம் இமையில் மாவு பூசியதுபோல் மேலே நிற்கிறது. அடியில் கறுப்பு மிகுந்து சிவப்பும் மஞ்சளும் குறைந்திருந்தால் சாம்பல் நிறமே வந்துவிடுகிறது. ஆகவே மாநிறத்துக்கு நியூட்ரல் என்பது சிவப்பும் மஞ்சளும் தூக்கலாக, வெள்ளை குறைவாக உள்ள பழுப்பு. பார்ப்பதற்கு வட்டில் சற்று ஆரஞ்சாக இருக்கும்; அதைக் கண்டு பயப்படக் கூடாது.

மேக் நிறுவனத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நிறங்களைத் தனித்தனியாக வாங்க முடியும் என்பதுதான். கனடாவின் டொராண்டோ நகரில் 1984இல் ஒப்பனைக் கலைஞரும் புகைப்படக் கலைஞருமான ஃபிராங்க் டாஸ்கனும், அழகு நிலையங்கள் நடத்திவந்த ஃபிராங்க் ஏஞ்சலோவும் தொடங்கிய நிறுவனம் இது. படப்பிடிப்பு விளக்குகளுக்குத் தாக்குப்பிடிக்கும் பொருள்கள் கடைகளில் இல்லை என்ற குறையிலிருந்து பிறந்ததால், மினுமினுப்பில்லாத மேட் நிறங்களுக்கு இங்கே தொடக்கத்திலிருந்தே இடம் உண்டு. 2010இல் அர்பன் டிகே என்ற மற்றோர் ஒப்பனைப் பொருள் நிறுவனம் வெளியிட்ட 12 நிற நேக்கட் பேலட் உலகெங்கும் நியூட்ரல் மோகத்தைக் கிளப்பியபோது, அதில் பெரும்பாலானவை மினுங்கும் நிறங்களாகவே இருந்தன. மாலை விருந்துக்கு அவை அழகு. காலை ஒன்பது மணிக்கு மின்சார ரயிலில் ஏறுபவளுக்கு மேட் பழுப்புதான் துணை.

ஏப்ரல் முதல் ஜூன் வரை, அக்னி நட்சத்திரமும் உட்பட, சென்னையில் வேலை நாள்கள் அனைத்திலும் மாற்றி மாற்றிப் பூசிப் பார்த்தேன். காலை எட்டு மணிக்குப் பூசி, மதிய உணவின்போதும் மாலை வீடு திரும்பியதும் சன்னல் ஓரம் நின்று கண்ணாடியில் பார்ப்பது என்ற ஒரே முறையைக் கடைப்பிடித்தேன்.

முதலில் மேட் ஐஷேடோக்களில் சாஃப்ட் பிரவுன் என்ற நிறம். எனக்கு இதைவிட்டால் வேறில்லை. வட்டில் வறுத்த கொத்தமல்லி விதையின் நிறம், கொஞ்சம் பீச் பழச் சாயலோடு. இமையில் தடவியதும் முதலில் ஒன்றுமே ஆகவில்லை என்றுதான் தோன்றும். இரண்டாம் முறை பிரஷை இமை மடிப்பில் முன்னும் பின்னும் ஓட்டிய பிறகு, ஒரு கண்ணில் மட்டும் பூசி மற்றக் கண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: பூசிய கண்ணில் இமையின் கருமைத் திட்டு கரைந்து, மடிப்பின் குழிவு மட்டும் தெளிவாகத் தெரியும். இமையின் கருமை நீல, சாம்பல் சாயல் கொண்டது. ஆரஞ்சுச் சாயல் அதைச் சமன்செய்துவிடுகிறது. கன்சீலர் பூசிக் கருமையை மறைத்து, அதன் மேல் நிறம் சேர்க்கும் இரட்டை வேலை இதனால் மிச்சமாகிறது. அடுத்த நிறத்துக்குக் கரை தெரியாமல் கலக்கவும் இதுவே நல்ல பாலமாக அமைகிறது.

சேடில் அதே குடும்பத்தில் ஒரு படி கீழே, நாட்டுச் சர்க்கரையின் நிறம். என்னைவிடக் கறுத்த சருமத்துக்கு, சாஃப்ட் பிரவுனின் இடத்தில் இதை வைக்கலாம். என் அலுவலகத் தோழிக்கு இதைப் பூசிவிட்டபோது, எனக்கு சாஃப்ட் பிரவுன் செய்த வேலையை அவருக்கு இது செய்தது. பிரவுன் ஸ்கிரிப்ட் செங்கல் கலந்த பழுப்பு. பருத்திப் புடவையோடு, குறிப்பாக அரக்கு, மாம்பழ மஞ்சள், இலைப் பச்சை ஆகியவற்றோடு கண்ணின் வெளிமூலையில் மட்டும் வைத்தால் மிகப் பொருத்தம். இமை முழுவதும் பூசினால் அழுத கண்போல் சிவந்து தெரியும் என்பதால் அளவு முக்கியம். எஸ்பிரெசோவை நான் ஐஷேடோவாகப் பயன்படுத்துவதைவிடக் கண்மைக்கு மேல் பூசவே அதிகம் பயன்படுத்துகிறேன். இமை ஓரத்தில் பென்சிலால் மை தீட்டி, மெல்லிய கோணல் பிரஷால் இந்தப் பொடியை அதன்மேல் ஒற்றிவிட்டால் மதியத்துக்குள் மை கன்னத்துக்கு இறங்குவது பெருமளவு குறைகிறது. கண்மையை விட முடியாத நமக்கு இது பெரிய உதவி. ஒமேகா வெளிர்ப் பழுப்பு. அது வெளுத்த சருமத்துக்கு உரியது, மாநிறத்தினர் தயங்காமல் கடந்துவிடலாம்.

மினுங்கும் நிறங்களில் உட்விங்க்ட் பழைய நகையின் பொன் நிறம். இமை நடுவில் விரல் நுனியால் ஒரே ஒற்று போதும், கோயிலுக்கும் மாலை விழாவுக்கும் அலுவலகத்திலிருந்து நேராகப் போகலாம். சாட்டின் டோப்பின் வெள்ளிச் சாயல் மஞ்சள் சார்ந்த சருமத்தில் கொஞ்சம் குளிர்ந்து தெரிகிறது. நீலம், சாம்பல் நிற உடைகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டேன்.

பிளஷ் விஷயத்தில் ஐஷேடோவைவிடப் பெரிய குழப்பம் இருக்கிறது. நம் கன்னம் வெயிலிலோ நாணத்திலோ சிவக்கும்போது ரோஜா நிறமாவதில்லை. ரத்தத்தின் சிவப்பு பழுப்புச் சருமத்தினூடே தெரிவதால் செம்பு கலந்த, முற்றிய மாந்தளிர் போன்ற ஒரு நிறமாகிறது. ஆகையால் குழந்தை ரோஸ் நிற பிளஷ் நமக்கு நியூட்ரல் அல்ல. ரெய்சின் என்ற செம்பழுப்பு நிறம்தான் இதை எனக்குப் புரியவைத்தது. வட்டில் பார்த்தால் கொட்டைப்பாக்கைச் சிவப்பில் தோய்த்ததுபோல் அடர்த்தியாக இருக்கும்; இதையா கன்னத்தில் பூசுவது என்று தயக்கம் வரும். பிரஷின் நுனியை ஒருமுறை தொட்டு, புறங்கையில் தட்டிவிட்டு, மிஞ்சியதைக் கன்ன எலும்பின் மேல் காதை நோக்கி இழுத்தால், இரண்டு மாடி ஏறி வந்தவளின் இயல்பான சிவப்பு வருகிறது. அதில் ஒரு துளி கூடினாலும் திட்டாகிவிடும் என்பதால் அவசரமான காலைக்கு இது ஏற்றதல்ல. காப்பர்டோன் அந்த அவசரத்துக்கு உரியது. பீச் கலந்த இந்தப் பழுப்பை எப்படிப் பூசினாலும் தவறாவதில்லை, ஐஷேடோ மறந்த நாளில் அதையே இமையிலும் தடவிக்கொண்டு போயிருக்கிறேன். ஜிஞ்சர்லி இன்னும் மெல்லியது. சுக்குப் பொடியின் சாயலில் கன்னத்துக்கு வடிவம் தருமே தவிர நிறம் தராது. மெல்பாவின் பவழச் சாயல் என்னைவிட இரண்டு படி வெளுத்த என் தங்கைக்கு அழகாக இருக்கிறது. என் கன்னத்தில் அது தெரிய மூன்று பூச்சு வேண்டியிருக்கிறது, மூன்று பூச்சில் பொடி தெரிகிறது.

வியர்வையைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் ஒப்பனை மதிப்புரை எழுத முடியாது. வெறும் இமையில் பூசிய எந்தப் பொடி ஐஷேடோவும் மே மாத மதியத்துக்குள் எண்ணெயோடு கலந்து மடிப்பில் கோடாகிவிடுகிறது. பொடி பிடித்து நிற்பதற்காக முதலில் இமையில் தடவும் பிரைமரை அரிசியளவு எடுத்துத் தடவி, ஒரு நிமிடம் காயவிட்டு ஐஷேடோ பூசியபோது மாலை வரை நின்றது. மாய்ஸ்சரைசர் காய்வதற்குள் பிளஷ் பூசினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும் என்பதால், நான் கண்ணை முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் கன்னத்துக்கு வருகிறேன். வியர்த்தால் துடைக்காமல் கைக்குட்டையால் ஒற்ற வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே.

சைவம் பேணும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பு, ரோஸ் சாயல்களுக்குப் பல நிறுவனங்கள் சேர்க்கும் கார்மைன் என்ற நிறமி, கோச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது. அதன் எண் 75470. அட்டையில் ‘இருக்கலாம்’ என்ற பொருளில் தரும் நீண்ட நிறமிப் பட்டியலில் இந்த எண் இருந்தால், நீங்கள் எடுத்த நிறத்தில் அது உண்மையில் உண்டா என்று விற்பனையாளரிடம் தனியாகக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மேட் பழுப்புகளுக்கு இரும்பு ஆக்சைடே போதும் என்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் பிளஷில்தான் வருகிறது.

விலை நம் மாதச் சம்பளத்துக்கு எளிதானதல்ல. ஓர் ஐஷேடோவில் சுமார் 1.5 கிராம்தான் இருக்கிறது என்பது கையில் வாங்கும்போது மனத்தை உறுத்தவும் செய்யும். ஆனால் ஒன்பது நிறப் பேலட்டில் இரண்டை மட்டும் தேய்த்து, மீதியை அலமாரியில் காயவிட்ட அனுபவத்துக்குப் பிறகு, தேவையான ஒரே நிறத்தைத் தனியே வாங்குவதுதான் சிக்கனமாகத் தோன்றுகிறது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மாநிறத்தினர் காப்பர்டோனை வாங்கிக் கண்ணுக்கும் கன்னத்துக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு இடமிருந்தால் சாஃப்ட் பிரவுன். என்னுடையதில் ஜூன் கடைசி வாரமே நடுவில் தகரம் தெரியத் தொடங்கிவிட்டது. அடுத்த முறை மூடியோடு கூடிய டப்பாவாக வாங்காமல், காலிப் பேலட்டில் பொருத்திக்கொள்ளும் வெறும் வட்டாக வாங்கப்போகிறேன், அது டப்பாவைவிட விலை குறைவு.