மூங்கில் வில்: நான்கு வருடத்தில் மூன்று டேப்பர்

கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்புக்குள் வீடு. இடம் தாராளம் என்பதால் பிடித்த பைத்தியம் இது. நான்கு வருடத்தில் மூன்று வில் ஒட்டினேன். மூன்றும் 62 இன்ச். நடுவில் இரண்டு மூங்கில் பட்டை, முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர் ஃபைபர் கிளாஸ்.

முதல் வில்லில் என் கவனமெல்லாம் அழகில். கிளாஸுக்கு அடியில் தேக்குச் சீவல் ஒன்றைச் சேர்த்தேன். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அசிட்டோனால் துடைக்காமல் ஒட்டக்கூடாது என்பது அப்போது தெரியாது. எட்டாவது மாதம் பிடிக்குப் பக்கத்தில் ஒட்டு விட்டு ஒரு வெள்ளைக் கோடு. நகத்தால் சுண்டினால் பொள்ளல் சத்தம். அது பிரியாமல் இருந்திருந்தாலும் அந்த வில்லை வைத்திருக்க மாட்டேன். பட்டைகள் முழு நீளமும் ஒரே தடிமன், அதனால் நுனி கனத்துப்போய், நாணை விட்டதும் முழங்கை வரை உதறியது.

அடுத்ததில் நேர் எதிர்த் தப்பு. இரண்டு பட்டைக்கும் டேப்பர் கொடுத்தேன், அதாவது பிடியிலிருந்து நுனிக்குப் போகப்போக மெலியும்படி, நீளத்தில் ஒவ்வொரு இன்ச்சுக்கும் தடிமனில் ஓர் இன்ச்சின் ஆயிரத்தில் இரண்டு பங்கு குறைத்தேன். உதறல் போனது. ஆனால் நுனிப்பக்கமே வளைந்து, கடைசி இரண்டு இன்ச் இழுவை கல்லாகக் கனத்தது. ஒரு மார்ச் மாதம் அதைக் காருக்குள் போட்டுவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனேன். பாலக்காட்டு வெயிலைச் சொல்ல வேண்டுமா? சூடேற்றாமல் இறுகவிட்ட எபாக்ஸிப் பசை இளகி, பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவியிருந்தன.

மூன்றாவதில் ஒரு பட்டை சமம், ஒன்று டேப்பர்: பிடியில் மூன்றரை மில்லி, 30 இன்ச் தள்ளி நுனியில் இரண்டு. ஒன்றரை மில்லி சரிவுள்ள பலகைமேல் பட்டையை ஒட்டி, ஆசாரியின் மெஷினில் விட்டு எடுத்தோம். "இதுக்கா தம்பி நாலு தடவை வந்தீங்க?" என்றார். இதுக்குத்தான். தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினால் இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், 0.3 மில்லி பிசகினாலே 40 பவுண்டு இழுவையுள்ள வில்லில் நாலு பவுண்டு வித்தியாசம்.

எபாக்ஸி தடவி, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினேன். ரொம்ப இறுக்கினால் பசை முழுக்க வெளியே வழிந்துவிடும், அளவோடு சுற்ற வேண்டும். அப்புறம் குண்டு பல்பு மாட்டிய மரப்பெட்டியில், எபாக்ஸி டப்பாவில் போட்டிருந்த சூட்டில் வைத்தேன். விளிம்புக்கு மூன்று கோட் வார்னிஷ்.

இந்த மூன்றாவது வில் இரண்டு இடவப்பாதி (ஜூனில் தொடங்கும் பருவ) மழை தாண்டிவிட்டது. தராசில் மாட்டி இழுத்தால் 40 பவுண்டு 39 ஆகியிருக்கிறது. நாண் மட்டும் இரண்டு முறை மாற்றினேன்.