ஆறு மாத்திரைகளோடு தொடங்கிய தேடல்: யாழ்ப்பாணம், 2022

2022 யூலை 12 ஆம் திகதி ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வந்தபோது என் கைப்பையில் 40 இரவுகளுக்கான கொலஸ்ட்ரோல் மாத்திரைகள் இருந்தன. திரும்பும் நாள் ஓகஸ்ட் 16 என்பதால் அவை தாராளமாகப் போதும் என்றே கணக்கிட்டிருந்தேன். ஆனால் ஓகஸ்ட் 8 ஆம் திகதி காலையில் அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அவருடைய சத்திரசிகிச்சை, அதன் பின்னான பராமரிப்பு எல்லாவற்றையும் எண்ணி விமானச் சீட்டை செப்டெம்பர் 20 இற்கு மாற்றினேன். என் மருந்தைப் பற்றிய நினைவு ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. எண்ணிப் பார்த்தபோது 6 மாத்திரைகள் மிஞ்சியிருந்தன. 30 இரவுகளுக்கு மருந்து இல்லை.

அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்னர் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட், அதாவது இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழாய், வைத்தார்கள். அன்றிலிருந்து ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், எசெட்டிமைப் 10 மில்லிகிராம் என இரண்டையும் எடுத்து வருகிறேன். கொலஸ்ட்ரோல் மருந்தை ஒரு மாதம் விட்டால் என்ன என்று எங்களில் பலர் நினைப்பதுண்டு, ஏனென்றால் விட்டவுடன் உடம்பில் எந்த வித்தியாசமும் தெரிவதில்லை. ஆனால் ஸ்டாட்டின் வகை மருந்துகள் ஈரல் கொலஸ்ட்ரோலை உருவாக்குவதைத் தடுத்து, இரத்தத்தில் உள்ள எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை ஈரலே இழுத்தெடுக்கும்படி செய்பவை. மருந்தை நிறுத்தினால் அந்த வேலை நின்று, சில வாரங்களுக்குள் எல்.டி.எல். பழைய அளவுக்கு ஏறிவிடும். ஸ்டென்ட் உள்ளவருக்கு அது விளையாட்டல்ல.

அந்த நாட்களில் நாடு இருந்த நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியிருந்தது. ஒரு வருடத்துக்கு முன்னர் 160 ரூபாய் அளவில் இருந்த கனடா டொலர் 270 ரூபாயைத் தாண்டியிருந்தது. தேவையான மருந்துகளில் 80 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வரவேண்டிய நாட்டில், இறக்குமதியாளர்களுக்கு வங்கிகளில் டொலர் கிடைக்காவிட்டால் பாமசித் தட்டுகள் வெறுமையாவதைத் தவிர வேறு வழி இல்லை. 60 வகை மருந்துகளின் உச்ச விலை ஏப்ரலிலேயே 40 சதவீதம் உயர்த்தப்பட்டிருந்தது. பெற்றோலுக்கு கியூஆர் முறை வந்து, ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்ற அளவில் வழங்கினார்கள். அந்த 4 லீற்றரும் அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போய்வரவே சரியாக இருந்ததால், மருந்து தேடி நான் போனது தம்பியின் சைக்கிளில்.

முதல் நாள் நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் ஐந்து பாமசிகளுக்குப் போனேன். கனடாவில் தந்த வெறும் போத்தலைக் காட்டி, அதில் இருந்த கம்பனிப் பெயரை வாசித்துக் கேட்டேன். ஐந்திலும் "இல்லை" என்ற ஒற்றைச் சொல்தான் பதில். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்தக் காலத்தில் அவர்கள் நாள் முழுவதும் சொல்ல நேர்ந்த சொல் அது. ஆனால் கேட்ட விதத்தில் நான் செய்த பிழை மறுநாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சிறிய பாமசியில்தான் விளங்கியது. அங்கே நின்ற இளம் மருந்தாளர் போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, கம்பனி பேரைச் சொல்லிக் கேட்டா எல்லாரும் இல்லை எண்டுதான் சொல்லுவினம். உள்ளுக்கு இருக்கிற மருந்தின்ர பேரையும் எத்தினை மில்லிகிராம் எண்டதையும் சொல்லிக் கேளுங்கோ" என்றார்.

மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேட்பது இலங்கைக்குப் புதிய பழக்கம் அல்ல. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே, கம்பனிப் பெயர்களுக்குப் பின்னால் போகாமல் மூலப்பெயரில் மருந்துகளை வாங்கும் முறையை இந்த நாட்டில் வேரூன்றச் செய்தவர். கிளினிக் கொப்பிகளில் வைத்தியர்கள் எழுதுவதும் அந்தப் பெயரைத்தான். வெளிநாட்டிலிருந்து வருகிற எங்களுக்குத்தான், பெட்டியின் நிறமும் கம்பனிப் பெயரும் மட்டும் நினைவில் இருக்கின்றன.

அந்த இளம் மருந்தாளரிடம் ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமில் ஓர் அட்டை மட்டுமே இருந்தது. நாளுக்கு நான்கு வீதம் எடுத்தால் அது மூன்று நாட்களுக்குக்கூடக் காணாது. எசெட்டிமைப் அறவே இல்லை. அதே ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டாட்டின் இருந்தது, ஆனால் ஒரு மருந்துக்குப் பதிலாக இன்னொன்றைத் தான் தரமுடியாது என்றும், கனடாச் சீட்டை வைத்துக்கொண்டு வழங்கவும் முடியாது என்றும், இங்கே பதிவுள்ள வைத்தியர் ஒருவர் எழுதித் தந்தால் உடனே தருவதாகவும் சொன்னார். இரண்டு மடங்கு பணம் தருவதாகச் சொல்லி வற்புறுத்துகிற எங்களவர்களையும் அதே வரிசையில் பார்த்தேன். அவர் எவருக்கும் அசையவில்லை. அந்த உறுதி எனக்கு அன்று சிரமத்தைத் தந்தது என்றாலும், அதுவே சரி என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அன்று மாலையே ஒரு வைத்தியரைச் சந்தித்தேன். கைபேசியில் இருந்த என் கனடா இரத்தப் பரிசோதனை அறிக்கையில், அங்கே வழக்கமான மில்லிமோல் கணக்கில், எல்.டி.எல். 1.7 என்று இருந்தது. இலங்கையில் இந்த அளவை மில்லிகிராமில் சொல்வதால், 1.7 என்பதைப் பார்த்து அவருடைய உதவியாளர் குழம்பினார். வைத்தியர் ஒரு துண்டுக் கடதாசியில் அதை 38.7 ஆல் பெருக்கி 66 என்று எழுதிக்கொண்டார். பிறகு நான் எடுக்கும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏன் என்று கேட்டபோது, கையில் கிடைக்கிற எந்த ஸ்டாட்டினையும் எவருக்கும் கொடுத்துவிட முடியாது என்றார். உதாரணமாக, அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து எடுப்பவர்களுக்குச் சிம்வாஸ்டாட்டினை நாளுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக்கூடாதாம். அதோடு சிம்வாஸ்டாட்டின் உடலில் விரைவாகக் கழிந்துவிடுவதால் இரவில்தான் எடுக்கவேண்டும். அட்டோர்வாஸ்டாட்டினுக்கும் ரோசுவாஸ்டாட்டினுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

எனக்கு அவர் எழுதியது அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம். மில்லிகிராம் கணக்கு இரட்டிப்பாவதைப் பார்த்து நான் பயந்தேன். ஒரே எண் ஒரே வலிமை என்று அர்த்தம் இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். ரோசுவாஸ்டாட்டின் 20 உம் அட்டோர்வாஸ்டாட்டின் 40 உம் எல்.டி.எல்.ஐ ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பவை, அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் சிறியது. எசெட்டிமைப் இல்லாமல் ஒரு மாதம் சமாளிக்கலாம், ஆனால் ஸ்டாட்டினை விடவேண்டாம், தசைகளில் காரணமில்லாத நோவோ சிறுநீர் கறுத்துப் போவதோ இருந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இது என் உடல்நிலைக்கும் என் மற்ற மருந்துகளுக்கும் ஏற்ப அவர் எடுத்த முடிவு. இதை வாசிப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ளக்கூடாது.

மறுநாள் காலை அதே பாமசிக்குப் போனபோது 20 மில்லிகிராம் மாத்திரைகளே இருந்தன. இரவுக்கு இரண்டு வீதம் 30 இரவுகளுக்கு 60 தேவை. பணம் இருந்தது, சீட்டும் இருந்தது. ஆனால் என்னை விடவும் வயதான ஓர் அம்மா, பழைய கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் அதே மருந்துக்காக நின்றார். அவருக்கு கிளினிக்கில் வழமையாகத் தரும் ஒரு மாத மருந்துக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கே கிடைத்திருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து அதையும் இழுத்துப் பார்த்து, முடிந்த பிறகு வெளியில் வாங்க வந்திருக்கிறார். நான் 60 ஐயும் எடுத்துப் போயிருந்தால் அவர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். மருந்தாளர் என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "இப்ப ரெண்டு கிழமைக்கு எடுங்கோ ஐயா, மிச்சம் வரேக்க நான் கோல் எடுக்கிறன்" என்றார். நான் தலையாட்டினேன்.

அவர் 28 மாத்திரைகளை எண்ணித் தந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு முழு அட்டைகளை வைத்துவிட்டு, மூன்றாவது அட்டையில் எட்டை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டினார். திகதியும் தொகுதி இலக்கமும் அச்சிட்ட முனை கடையில் மிஞ்சுகிற இரண்டு மாத்திரைகளின் பக்கம் போய்விட்டது என்று கண்டதும், ஒரு சிறிய வெள்ளை உறையை எடுத்து, மருந்தின் மூலப்பெயர், அளவு, தொகுதி இலக்கம், முடிவுத் திகதி, இரவு இரண்டு என்று ஒவ்வொன்றாக எழுதினார். வரிசை நீண்டுகொண்டிருந்தது, ஆனாலும் எழுத்தில் அவசரம் இல்லை. வெட்டிய அட்டையின் கூர்முனை உறையைக் கிழிக்காமல் இருக்க அதன் ஓரத்தையும் மடித்துவிட்டார்.

மீதி 32 மாத்திரைகளுக்கு இன்னும் சில நாட்கள் தேடவேண்டியிருந்தது. கொழும்பில் இருக்கும் மைத்துனர் அங்கே விசாரித்தார். ரோசுவாஸ்டாட்டின் 20 கிடைக்கும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள், ஆனால் எனக்கு மருந்தை மறுபடி மாற்றும் எண்ணம் இல்லை. யாழ்ப்பாணத்தில் உள்ள அரச பாமசியான ஒசுசலவிலும் கேட்டு வைத்தேன். கடைசியில், சொன்ன சொல் தவறாமல் ஓகஸ்ட் 29 ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியிலிருந்து அழைப்பு வந்தது. அன்று வாங்கிய உறையிலும் அதே எழுத்து.

ரொறன்ரோ திரும்பியதும் என் குடும்ப வைத்தியரிடம் போனேன். எசெட்டிமைப் இல்லாத ஒரு மாதத்தில் எல்.டி.எல். 1.7 இலிருந்து 2.2 ஆக ஏறியிருந்தது. இன்னும் ஏறியிருக்கக்கூடும் என்று நான் பயந்ததை விட அது குறைவு. இடையில் என்ன எடுத்தீர்கள் என்று அவர் கேட்டபோது, விளக்கத் தெரியாமல் அந்த இரண்டு வெள்ளை உறைகளையும் மேசையில் வைத்தேன். தமிழ் வாசிக்கத் தெரியாத அவர், ஆங்கிலத்தில் எழுதியிருந்த மூலப்பெயரையும் அளவையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் என் கோப்பில் பதிந்துகொண்டார்.